மேல் ஈறு மட்டும்

மாலை ஐந்தே கால். நாட்டழகிப் போட்டியில் முடிசூட்ட இரண்டு மணி நேரம்கூட இல்லை. மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில் போட்டியாளர்களில் ஒருத்தியான சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, எரியுது எரியுது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சேர்வதற்குள் அங்கே தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்கள். அந்தப் போட்டியின் லட்சணம் அப்படி. ஒரு வருடம் நடுவரின் கொழுந்தியாள் ஜெயித்தாள். இன்னொரு வருடம் சூட்டிய கிரீடத்தை, மதிப்பெண் கூட்டல் தப்பு என்று சொல்லி மறுவாரமே பிடுங்கினார்கள். அதற்கடுத்த வருடம் யாரோ ஒருத்தியின் கவுனைக் கத்தரித்துவைக்க, ரகளையாகிப் போட்டியையே இழுத்து மூடினார்கள். பல வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி நடக்கிறது. அதனால் சிட்டுவின் வாய் வீங்கியதும் யாருக்கும் வேறு யோசனை ஓடவில்லை. விஷம்தான், வைத்தது கூடப் போட்டியிடும் நெட்டைதான் என்று சிட்டுவின் அம்மா போட்ட கூச்சல், வெளியே காத்திருந்த பத்திரிகைக்காரர்கள்வரை கேட்டிருந்தது.

சற்றுமுன் நெட்டை தன் லிப்ஸ்டிக்கைச் சிட்டுவுக்குக் கொடுத்திருந்தாள். அதை அவள் மறுக்கவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி நெட்டையைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடலாம் என்று அமைப்பாளர் குழைந்தார். அவருக்குப் போட்டி நடந்தால் போதும்.

"போட்டிக்காரி ஆச்சே, அவளுக்கு ஏன் குடுத்தே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டா, குடுத்தேன். ஒரே ரூம்லதான் இருக்கோம், மேடம்." நெட்டையின் கண் மை கன்னம்வரை இறங்கியிருந்தது. "இப்ப நான் இப்படி வெளிய போனா, சாகற வரைக்கும் விஷக்காரிதான். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்காங்க."

இன்ஸ்பெக்டருக்குப் பாவமாக இருந்தது. விசாரணை முடியும்வரை யார்மேலும் பாவப்படக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மேல் ஈறும் மேல் உதட்டின் உட்புறமும்தான் வெந்திருந்தன. நாக்கு, தொண்டை, உதட்டின் வெளிப்புறம் எல்லாம் நன்றாகவே இருந்தன.

அங்கேதான் இடித்தது. லிப்ஸ்டிக் என்றால் வெளியே எரிய வேண்டும். தண்ணீரோ தீனியோ என்றால் நாக்கைச் சும்மா விட்டிருக்காது.

அறை முழுக்கத் தலைவலித் தைல வாடை. குதிகால் உயர்ந்த செருப்பில் நாள் முழுக்க நடந்த பெண்கள் காலுக்குத் தேய்த்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அறையிலிருந்த மற்ற மூன்று பெண்களையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்ததும் தன் மேஜையிலிருந்த குட்டி டப்பாவில் விரலைத் தொட்டு, முன்பல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனாள்.

"அது என்னம்மா?"

"வாசலின் மேடம்," என்றாள் ஒப்பனைக்காரி. "சிரிச்சுக்கிட்டே நிக்கணுமில்ல, வாய் காஞ்சு உதடு பல்லுல ஒட்டிக்கும். எல்லாரும் தடவுவாங்க."

நெட்டையின் மேஜையிலும் அந்த டப்பா இருந்தது. சிட்டுவின் மேஜையில் மட்டும் இல்லை. அந்த மேஜைப் பக்கம் இதுவரை யாரையும் அண்டவிடாமல் காவல் நின்றவர் சிட்டுவின் அம்மா. கைப்பையை மார்போடு அணைத்தபடி இப்போதும் அங்கேதான் நின்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் அவரிடம் கையை நீட்டினார். "அந்த டப்பாவக் குடுங்கம்மா."

பை திறந்தது, டப்பா வெளியே வந்தது; உள்ளே இருந்தது வாசலின் இல்லை, தைலம். ஒரே மாதிரி இரண்டு டப்பா வாங்கி, ஒன்றில் வாசலினும் மற்றதில் தைலமும் நிரப்பித் தந்தது அம்மாதான். மகள் அவசரத்தில் மாற்றித் தொட்டுப் பல்லில் தடவிவிட்டாள். ஊரே தைலமாக மணக்கிற அறையில் எந்த மூக்குக்குத் தெரியும்? முதல் பதற்றத்தில் நெட்டையைச் சொன்னது நிஜமான சந்தேகம்தான். டப்பாவைத் திறந்து பார்த்தபிறகும் வாயை மூடிக்கொண்டதுதான் குற்றம்.

"என்னாலதான்னு தெரிஞ்சா இவ என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாளேன்னு..."

"அதுக்கு இன்னொருத்தர் பொண்ணு பலியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிட்டு வீங்கிய வாயோடு நெட்டையைப் பார்த்தாள். "அப்ப நீ எனக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டவள் அழுகையும் சிரிப்புமாக அவளைக் கட்டிக்கொண்டாள். எரிச்சலைவிட அந்த நினைப்புதான் அவளை அத்தனை நேரம் வதைத்திருந்தது. நல்லவேளை, விஷயம் உள்ளேயே முடிந்தது என்று அமைப்பாளர் கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

"உள்ள முடிஞ்சா பத்தாது சார்," என்றாள் நெட்டை. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினாள். "வெளிய கேக்கற மாதிரிதானே ஆன்ட்டி சொன்னீங்க. வெளியவே வந்து சொல்லிடுங்க."

அமைப்பாளர் குறுக்கே வந்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

சிட்டுவின் அம்மா பத்திரிகைக்காரர்களின் மைக் முன்னால் போய் நின்றார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெளிவாகவே சொன்னார். திரைக்குப் பின்னால் அதைக் கடைசி வார்த்தைவரை கேட்ட நெட்டை, நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு ஒப்பனைக்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ண சரி பண்ணுங்கக்கா, சீக்கிரம். என்னக் கூப்பிடப் போறாங்க."