மணல்திட்டு முனை

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, தக்கை மட்டும் எதிர்த்திசையில் போனது.

கடலிலிருந்து நுரையும் சருகும் சாரிசாரியாக ஆற்றுக்குள் வந்துகொண்டிருக்க, தூண்டில் கடைக்காரர் வீசிய சிவப்புத் தக்கை, அடியிலிருந்து யாரோ விரலால் நகர்த்துவதுபோல, முகத்துவாரத்தைப் பார்த்து மெல்ல வெளியே ஊர்ந்தது. பாசியில் சிக்கியிருக்கும் என்று காறித் துப்பினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அழுகிய சிப்பியின் வாடையோடு மூடுபனி கரையில் படிந்தது.

இந்தக் கரும்பாறை அவருடையது. தண்ணீர் ஏறும்போது கொடுவா மீன் இதன் அடியை உரசிக்கொண்டுதான் ஆற்றுக்குள் நுழையும் என்பது கடைக்கு வருகிற எந்த மடையனுக்கும் தெரியாது. "எங்கண்ணே நிக்கணும்? எப்பண்ணே போகணும்?" என்று பல்லிளிப்பவர்களைப் பாலத்தடிக்கும் வெறும் கடற்கரைக்கும் விரட்டிவிடுவார். வெயிலில் காய்ந்து, காலிக் கூடையோடு திரும்பி, மறுபடியும் அவரிடமே புழு வாங்குவார்கள். இவர்களைவிடப் புழுவுக்கு மூளை அதிகம் என்பது அவர் கட்சி.

மடையர்களில் முதல்வன் மச்சான், அவர் மனைவியின் தம்பி. தையல்காரன். மீன் கொத்தினால் ஒலிக்கட்டும் என்று தூண்டில் கோலின் நுனியில் மணி கட்டியவன்.

"மீன் பிடிக்கப் போறியா, மாடு மேய்க்கப் போறியாடா?"

"கண்ணசந்துட்டாலும் காது முழிச்சிருக்குமே, அத்தான்," என்று சிரித்தான். "கோவிச்சுக்காம ஒரு நல்ல இடமாச் சொல்லுங்க."

நேற்று சொன்னார். பாறைக்கு எதிரே, ஆற்றின் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டின் முனை. இடம் சரிதான், ஆனால் அது தண்ணீர் வற்றும்போது நிற்கவேண்டிய இடம். அவரோ, "சாயங்காலம் தண்ணி ஏறுறப்போ போ. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் நகராதே. நகர்ந்தா மீன் கலைஞ்சிடும்," என்றார். முழங்கால் நனைந்ததும் அலறியடித்து ஓடிவருவான், கடையில் வைத்துச் சிரிக்கலாம் என்று கணக்கு.

கூப்பிட அவர் போகவில்லை.

காலையில் மனைவி வாசலை மறித்து நின்றாள். "என் தம்பியை எங்கே அனுப்புனீங்க?"

"எனக்கென்ன தெரியும்? எங்கேயாவது குறட்டை விட்டுக்கிட்டிருப்பான்."

அவள் பாலத்தடியெல்லாம் அலைந்தாள். தானும் தேடுவதாகச் சொல்லித்தான் இவரும் கிளம்பினார். தூண்டிலோடு.

மூடுபனிக்குள் எங்கோ ஒரு சின்ன ஒலி.

படகுச் சங்கிலியாக இருக்கும். தக்கையைக் காணவில்லை. ரீல் தானாகச் சுழன்று தூண்டில் நரம்பை விட்டுக்கொண்டிருந்தது. வேகமில்லை, துள்ளலில்லை, கையைப் பிடித்து நடக்கிற குழந்தையின் பொறுமைதான் அந்த இழுப்பில் இருந்தது. அது இப்போது மணல்திட்டின் பக்கம் திரும்பிப் போயிற்று. இந்நேரம் அந்த முனையில் ஓராள் மூழ்கும் தண்ணீர்.

மறுபடியும் ஒலித்தது.

மணி.

"யார்றா அது?" என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை. "மடப்பயலே, விளையாடுறியா?"

நுரையின் சலசலப்பு நின்றது. சிப்பி வாடை தொண்டைக்குள் இறங்கியது. கோலைக் கீழே போட நினைத்தார். விரல்கள் பிரியவில்லை.

நரம்பு விறைத்தது. தண்ணீரைவிட்டு மேலே எழுந்தது. சொட்டுச் சொட்டாய் உதிர்த்தபடி, ஒரு மனிதனின் வாய் உயரத்தில், நேராகப் பனிக்குள் நீண்டது.

பனி விலகியது.

மணல்திட்டு முனையில் மச்சான் நின்றான். ஓராள் ஆழத்தில் நின்றான். தண்ணீர் அவனுக்கு முழங்கால்வரைதான். கையில் மணி கட்டிய கோல். முகம் ஊறி வெளுத்திருந்தது. நரம்பின் முனையிலிருந்த தூண்டில் முள் அவன் கீழுதட்டில்.

"நகரவே இல்ல அத்தான்," என்றான். அதே பணிவு. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கூப்பிட வந்துட்டீங்களா?"



முள் இழுத்த உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

மணி ஒலித்தது. நரம்பு தளர்ந்தது.

மணி ஒலித்தது.

இன்னும் கிட்டத்தில். நரம்பு இன்னும் தளர்ந்தது.