வரேன் என்ற பெரியவர்

குரங்குகள் திடீரென்று வாயை மூடிக்கொண்டன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் குரங்குகளைப் பார்க்கத்தான் ஜெயராஜ் லீவு நாளும் அதுவுமாகக் கொடிமலைக் காப்புக்காட்டில் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தான். இப்போது அத்தனையும் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

கூட்டி வந்த வனக்காவலன் கமால், பாதையை மறித்த கொடிகளை வெட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தான். ஜெயராஜ் திரும்பினான். பாறைமேல் வேட்டி கட்டிய ஒரு கிழவர். ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. தன் கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம் வழிய, அவர் காலில் ஒன்றுகூட ஏறாதது அவனுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் நம்ம தமிழ் ஆள்தானே.

"வீட்டில கைப்பிள்ளையா தம்பி? சட்டையில பால் வாசம் அடிக்குதே."

"ஆமாங்க. பொம்பளப் பிள்ளை." இரண்டைப் பறிகொடுத்த பிறகு தங்கிய ஒரே பிள்ளை. அவளைப் பற்றி யார் கேட்டாலும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

கிழவர் எழுந்தார். "அப்ப நான் வரேன்."

விடைபெறுகிறவருக்கு எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். "வாங்க."

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?" கமால் திரும்பி வந்திருந்தான்.

பாறை காலியாக இருந்தது. ஒரு சருகுகூடச் சலசலக்கவில்லை.

"ஒரு பெரியவர். வரேன்னாரு, வாங்கன்னேன்."

கமாலின் முகம் வெளுத்துப் போனது. "காட்டில போய் அந்த வார்த்தையா? நீங்க வழியனுப்பலண்ணே, வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. ஓடுங்கண்ணே!"

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். அடிவாரத்தில் டிராம் ஏறினான். அது ஊர்ந்தது. பிள்ளையைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

டத்தோ கிராமாட் சாலை. வீட்டு வாசல். குழாயடியில் மனைவி புஷ்பவள்ளி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி ஓடி வர்றீங்க? உங்க பெரியவரு உள்ளதான் இருக்காரு. நீங்கதான் வரச் சொன்னீங்களாமே. தொட்டிலை ஆட்டுறேன்னாரு. பாருங்க, பிள்ளை அழுகைய நிறுத்திட்டா."

உள்ளே இருட்டு. கிழவர் இல்லை. சத்தம் இல்லை.

சேலைத் தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டும் கை இல்லை. பிஞ்சுக் குழந்தையின் எடைக்கு இடுப்பு உயரத்தில் தொங்க வேண்டிய சேலை, விட்டம் முனக, பெரிய பாரத்தில் தொய்ந்து, தரையை உரசிக்கொண்டு, மெதுவாக இப்படியும் அப்படியும் போய்வந்தது.