ஏழாம் நாள் வளைவு

ஏழாம் நாள் காலையில் ஞானதுரை நான்காவது முறையாகச் செத்துப்போனார்.

மலைப்பாதையில் ஒரு வளைவு. மூடுபனி மரங்களின் இடுப்பு வரை இறங்கியிருந்தது. ஜீப்புக்குக் குறுக்கே ஒரு மரத்தடி கிடந்தது. முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்கள். ஒருவன் துப்பாக்கியை நீட்டியதும் ஞானதுரை மனைவியை மறைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சத்தம் கேட்டது. பனி சிவந்தது. அடுத்த கணம் பியூலாவின் தலைக்கு மேல் தூத்துக்குடிக் கனவகத்தின் வெள்ளைக் கூரை தெரிந்தது.

பக்கத்துத் தொட்டிலில் ஞானதுரை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாத்தியா? நாலு தடவையும் அதே வளைவு," என்றார். "மெக்சிகோ வேண்டாம்னு நான் சொன்னா நீ கேக்க மாட்ட. மெஷினு சொன்னாலாவது கேளு."

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. விமான நிறுவனங்கள் பச்சைக்கு டிக்கெட் கொடுக்கும், துணிந்து கேட்டால் மஞ்சளுக்கும் கொடுக்கும். சிவப்புக்குக் கொடுப்பதில்லை.

கனவகங்கள் வந்தபிறகு மனிதர்கள் எல்லோரும் முதலில் கண்ணை மூடித்தான் பயணம் போகிறார்கள். தொட்டிலில் படுத்தால் நாற்பது நிமிடத்தில் பத்து நாள் பயணத்தை வாழ்ந்துவிடலாம். போகும் இடத்தின் வெயில், சாப்பாடு, வழியில் வரும் ஆபத்து, எல்லாம் முன்கனவில் வந்துவிடும். படுத்தவரின் நாடித்துடிப்பு உலகத்துத் தொட்டில்களையெல்லாம் இணைக்கும் பெருங்கனவில் போய்ச் சேரும். அடுத்து அதே ஊருக்குப் படுப்பவர்களுக்கு அதிலிருந்துதான் கனவு நெய்யப்படும். எத்தனையோ பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. அது பொய்யும் இல்லை.

பியூலா முப்பது வருடம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். கனடாவிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மலைக்காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் மோனார்க் பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறாள். ஓய்வு பெற்றதும் அந்த அம்புக்குறியின் முனைக்கு ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஞானதுரை துறைமுகத்தில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஹெல்மெட் போடுகிற மனிதர். அவளுக்காகத்தான் நாலு தடவை செத்திருக்கிறார்.

"ஒரு விஷயம் கேக்கட்டுமா?" என்றாள் பியூலா. "அந்தத் துப்பாக்கிக்காரன் என்ன பாஷ பேசினான்?"

"அந்த நேரத்துல பாஷயையா கவனிக்க முடியும்?"

"நான் கவனிச்சேன். 'அக்கா, பைய வச்சிட்டு எறங்குங்க'ன்னான். நம்ம ஊர்த் தமிழு. கால்ல என்ன போட்டிருந்தான் தெரியுமா? இரும்பு மூக்கு வச்ச மஞ்சள் பூட்ஸு. ஒங்க துறைமுகத்துல குடுக்கது."

ஞானதுரை குனிந்து செருப்பைத் தேடினார்.

"அவன மெக்சிகோ அனுப்பலங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போறிய."

மறுவாரம் அவள் சொந்தப் பொறுப்புப் படிவம் கேட்டாள். கனவகத்துப் பெண் அதை அலமாரியின் அடியிலிருந்து தூசி தட்டி எடுத்தாள். சிவப்பைத் தாண்டிப் போகிறவர்கள் மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், ஊர் திரும்பும்வரை கழற்றக் கூடாது. நேரில் போனவரின் ஒரு துடிப்பு, படுத்திருப்பவர்களின் பத்தாயிரம் துடிப்புக்குச் சமமாக அந்தக் கணமே பெருங்கனவில் எடுத்துக்கொள்ளப்படும்.

விமான நிலையத்தில் ஞானதுரை அவள் கையை விடவே இல்லை. "நான் வரல. என்னால முடியாது பியூலா. ஆனா தெனமும் படுத்து ஒன்ன ஒரு தடவ பாத்துக்கிடுவேன்," என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது.

*

மலையூர் கனவில் பார்த்ததைவிடச் சிறியது. அறுபது வீடுகள், ஒரு தேவாலயம், சோளக்கதிர் காயும் முற்றங்கள். தங்க இடம் கொடுத்த ஒஃபேலியா ஐம்பது வயதுக்காரி. பட்டையான கைகள், எதையும் இரண்டு தடவை யோசித்துப் பேசும் வாய். அவள் பேசுவதைப் பியூலாவின் காதுத்துணை தமிழாக்கிச் சொன்னது. அது பாடப்புத்தகத் தமிழ்.

"எட்டு ஆண்டுகளில் நீங்கள்தாம் முதல் விருந்தினர்," என்றாள் ஒஃபேலியா. சொல்லும்போது அவள் பார்வை பியூலாவின் நாடிப்பட்டையில் நின்றது.

ஆறு நாளும் ஊரோரத்து மரங்களில் அடைந்த சின்னக் கூட்டங்களைத்தான் பார்த்தாள், பெருங்கூட்டம் வளைவுக்கு மேலே இருந்தது. ஏழாம் நாள் வந்தது. காலையில் ஒஃபேலியாவோடு ஏறிய ஜீப் அந்த வளைவை நெருங்கியபோது பியூலா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பனி இருந்தது. மரத்தடி இல்லை. பாதையோரம் ஒரு கழுதை நின்று அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தது. அவ்வளவுதான் வளைவு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கு மேல் நடந்து போனார்கள். முதலில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஊசியிலை மரங்கள் காய்ந்த சருகைச் சுமந்துகொண்டு கிளை தாழ்ந்து நின்றன. பிறகு மேகம் விலகி வெயில் விழுந்தது. சருகெல்லாம் ஒரே மூச்சில் திறந்துகொண்டது. மரம் மரமாக ஆரஞ்சு நிறம் அவிழ்ந்து காற்றில் கலந்தது. லட்சக்கணக்கான சிறகுகள் அசையும் ஓசை, தூரத்தில் ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டது. ஒன்று அவள் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது. இன்னொன்று கழுத்தில். தோளில், முடியில், புடவைத் தலைப்பில் என்று வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தன. மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியவில்லை. நாலு முன்கனவிலும் ஊரோரத்தில் அவள் பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருக்கிறாள். அந்த ஓசை எதிலும் இருந்ததில்லை.

அவள் நாடி ஏரித் தண்ணீரைப் போல அடங்கிக் கிடந்தது. பட்டை அதை எழுதிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் மாலையில் தூத்துக்குடியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே விடிந்து பல் தேய்க்கும் நேரம்.

"பியூலா! மஞ்சளு!" ஞானதுரையின் குரல் சின்னப் பையன் குரல்போல உடைந்தது. "நேத்து படுத்தேன். வளைவுல யாருமே இல்ல. ஒரு கழுத நிக்கி. மேல போய்ப் பாத்தேன், ஒன் மூக்குக் கண்ணாடில ஒரு பூச்சி ஒக்காந்திருக்கு. டிக்கெட் போட்டுட்டேன். பச்சை வரட்டும்னு காத்திருக்கல, கேட்டியா? மஞ்சளுக்கே போட்டுட்டேன். வாழ்க்கைல மொத தடவ."

"நெசமாவா சொல்லுதிய?"

"இன்னும் அஞ்சு நாள்ல அங்க இருப்பேன். நீ அங்கயே இரி."

பியூலா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஒஃபேலியாவோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை.

"அடிவாரத்து ஊரில் இரண்டு லாரிகள் வந்து நிற்கின்றன," என்றாள் ஒஃபேலியா. "மரம் அறுக்கும் இயந்திரங்களோடு."

"யாருடைய லாரிகள்?"

ஒஃபேலியா சோளக்கதிர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாதையில் மெய்யாகவே துப்பாக்கிகள் இருந்தன. காட்டை வெட்டிவிட்டு அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழத் தோட்டம் போட வந்த கூட்டம். தடுக்கப் போன அவள் கணவன் அந்த வளைவில்தான் விழுந்தான். யாரிடமும் நியாயம் கிடைக்கவில்லை. நாலு வருடம் கழித்து அடிவாரத்தில் கனவகம் திறந்தார்கள். விதவைகள் நாலு பேர் ஒரு வியாழக்கிழமை போய்ப் படுத்தார்கள். தங்கள் ஊருக்கே பயணம் கேட்டார்கள். கனவில் அந்த வளைவில் நின்று, தெரிந்த பயத்தையெல்லாம் பயந்தார்கள்.

"அடுத்த மாதம் அந்தக் கூட்டம் மேலே வரவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தான் அம்மா. படுத்துப் பார்க்காமல் எங்கும் போவதில்லை. கனவில் அவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று வழிமறித்துச் சுட்டது. அது நாங்கள்தாம்."

"எட்டு வருஷமாவா?"

"ஒவ்வொரு வியாழனும். பயம் பாலைப் போன்றது. புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தினர் வரவு போயிற்று. எங்கள் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். காடு மட்டும் இருக்கிறது." கதிரைக் கீழே வைத்தாள். "நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் ஒன்பது நாளாக உங்கள் நெஞ்சு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிக்கு முன்னால் எங்கள் பயம் நிற்கவில்லை."

பியூலா மணிக்கட்டைப் பார்த்தாள். எந்தப் பயத்தைப் பொய் என்று நிரூபிக்கக் கடல் தாண்டி வந்தாளோ, அந்தப் பயம்தான் காட்டுக்கு வேலியாக நின்றிருக்கிறது. அதில் அவளே வழி திறந்துவிட்டிருக்கிறாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பெண்களோடு அவளும் அடிவாரத்துக்கு இறங்கினாள். தெருமுனையில் லாரிகள் நின்றன. ஒருவன் ரம்பச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பட்டை கட்டிய கையோடு படுத்தால் கனவுத் துடிப்புக்கும் அதே பத்தாயிரம் மடங்கு எடை உண்டு என்று ஒஃபேலியா சொல்லியிருந்தாள்.

தொட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாள். வளைவு வந்தது. பனி வந்தது. அவள் பயப்பட முயன்றாள். துப்பாக்கிக்காரர்களை அழைத்தாள், அவர்கள் வரவில்லை. மரத்தடியை நினைத்தாள், அந்த இடத்தில் கழுதைதான் நின்றது. நெஞ்சு கேட்கவே இல்லை. இந்த இடத்துக்குப் பயப்பட அது மறந்துவிட்டது.

அப்போது கீழே ஒரு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவளாகத்தான் அதை வரவழைத்தாள். ஞானதுரை ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுக்காக ஊர் மக்ரூன் இனிப்பு டப்பா. மஞ்சளுக்கே கிளம்பிவிட்ட பெருமை முகமெல்லாம். அவளைக் கண்டதும் கையை ஆட்டினார். மரங்களுக்கிடையே ஏதோ அசைந்தது. "எறங்காதிய!" என்று அவள் கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

விழித்தபோது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஒஃபேலியா அவள் தலையை மடியில் வைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சிவப்பு எரிந்தது. மத்தியானத்துக்குள் லாரிகள் வந்த வழியே திரும்பிவிட்டன. மாலையில் ஞானதுரையிடமிருந்து செய்தி வந்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்களாம்.

*

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஞானதுரை அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசி நாட்களில் தினமும் படுத்திருக்கிறார். இந்தத் தடவையும் செத்தது அவர்தான் என்றாலும், அவள் கத்திய சத்தம்தான் காதைவிட்டுப் போகவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது கேட்டார். "நீ நேர்ல பாத்தவ. சொல்லு. அங்க போலாமா, கூடாதா? நீ சொன்னா நம்புதேன். மெஷினு கெடக்கட்டும்."

பியூலா எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். கழுதையை, ஒஃபேலியாவை, வியாழக்கிழமைகளை. சொன்னால் இந்த மனிதர் நம்புவார். நம்பினால் அடுத்த முறை படுக்கும்போது அவர் நெஞ்சு அமைதியாகிவிடும். அந்த அமைதியும் போய்ச் சேரும்.

"வேண்டாங்க," என்றாள். "போகாம இருக்கதுதான் நல்லது."

ஞானதுரை நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். தான் ஆரம்பத்திலிருந்தே சொன்னது சரியாகிவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. ஆனால் பட்டாம்பூச்சிகளை அவரால் மறக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு பேரும் போய்ப் படுத்துட்டு வருவமா? ஏழாம் நாள் வரைக்கும் நல்லாத்தான இருக்கு."

"வியாழக்கிழம போவோம்," என்றாள் அவள்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் படுக்கிறார்கள். ஆறு நாட்கள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பட்டாம்பூச்சிகள் அடைந்த ஊரோரத்து மரங்களுக்கடியில் நடக்கிறார். இப்போது கனவில் அந்தத் தூறல் ஓசை கேட்கிறது, அது பியூலா கொண்டுவந்து சேர்த்தது. ஏழாம் நாள் காலையில் ஜீப்பில் ஏறுகிறார்கள்.

வளைவு நெருங்கும்போது பியூலாவுக்கு மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அவர் பக்கத்தில் உட்காருகிறாள். மூடிய இமைக்குள் அவர் விழிகள் ஓடுகின்றன. விரல்கள் நடுங்க ஆரம்பிக்கின்றன. தொட்டிலின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், எழுப்பும் பொத்தான் இருக்கிறது.

அவள் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொள்கிறாள். சுவரில் சிவப்பு வரும்வரை எழுப்புவதில்லை.