பரிவட்டத்தின் மேல் நின்ற படகு

காலை எட்டரை மணி. குற்றாலலிங்கம் கண்ணாடிப் பெட்டியை மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். விலக்கிய கை பாதியில் நின்றது.

உள்ளே படகு இளகிப் போயிருந்தது.

அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே விரித்திருந்த பட்டின் மேல் படிந்து கிடந்தது. தளத்தைச் சுற்றி நின்ற மெல்லிய கம்பிவேலி வாடிய கீரைத்தண்டு போல் தொங்கியது. உச்சியில் ரேடார் கம்பம் மட்டும் நேராக நின்றது. பெட்டியின் பூட்டு பூட்டியபடி இருந்தது. அதன் ஒரே சாவி அவருடைய அரைஞாணில் தொங்கியது.

அவர் கூப்பாடு போடவில்லை. அந்த வீட்டு ஆண்கள் கூப்பாடு போடுவதில்லை. துணியை மறுபடி போட்டு மூடிவிட்டு மனைவியை அழைத்தார்.

"வடிவு, பிரேமாவை வரச் சொல்லு. வேற யாரும் கூடத்துக்குள்ள வரப்படாது."

அது கடையில் வாங்கிய பொம்மை அல்ல. கப்பலில் பொறியாளராக இருக்கும் மூத்த மகன் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் மாதிரிப் படகு. புயலில் சிக்கியவர்களை மீட்கப் போகும் படகின் அச்சு அசலான சிறு வடிவம். வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களோடு ஒட்டியபடி பாகங்கள். ஒவ்வொன்றையும் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி, இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். கம்பிவேலியின் ஒரு கால் கோணினால் அந்தப் பக்கம் முழுவதும் கோணும். தூத்துக்குடித் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற குற்றாலலிங்கம், சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் அதை முடித்தார். எவரையும் உதவிக்குச் சேர்க்கவில்லை. பசை நெடியிலும் வண்ண நெடியிலும் அவருடைய மூக்கு ஓய்ந்துவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் இப்போது அவருக்குத் தெரிவதில்லை.

முடித்த அன்றே பெட்டிக்குள் வைத்து, தூசி புகாதபடி ஓரங்களை ரப்பர் பட்டையால் அடைத்து, துணி போட்டு மூடினார். அதற்குப் பிறகு ஒரு மாதமாக அவரே அதை விலக்கிப் பார்க்கவில்லை. இன்று மாலை மகள் கலைச்செல்வியின் நிச்சயதார்த்தம் முடிந்ததும், இரு வீட்டார் முன்னிலையில் அந்தத் துணியை விலக்குவதாக ஏற்பாடு. தச்சநல்லூரில் தெருவுக்கே இது தெரியும்.

மூத்த மருமகள் பிரேமலதா ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி வந்தாள். பக்கத்து வட்டத்துக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர். நிச்சயதார்த்தத்துக்காக விடுப்பில் இருந்தாள். படகைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"இது சம்பந்தி வேலை" என்றார் குற்றாலலிங்கம்.

"இன்னும் சம்பந்தி ஆகல மாமா."

"ஆகவும் மாட்டாரு."

மாப்பிள்ளை தாணுமாலையனின் தந்தை சிவசண்முகம் கங்கைகொண்டானில் வண்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறை வைத்திருப்பவர். வாய்த்துடுக்கு அதிகம். படகு முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், வண்ணத்தைத் தான் தெளித்துத் தருவதாகச் சொன்னார். குற்றாலலிங்கம் மறுத்தார். இந்தப் பூச்செல்லாம் நாலு நாளில் உருகி வழியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வண்ணம் கரைக்கும் தின்னர் ஒரு டப்பாவையும் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைப் பூட்டிய பிறகும் ஒரு நாள் வந்திருந்தார். அப்போது குற்றாலலிங்கம் குளித்துக்கொண்டிருந்தார். அரைஞாணிலிருந்து கழற்றிய சாவி ஆணியில் தொங்கியது. கூடத்தில் சிவசண்முகம் தனியாக இருந்தார்.

"சொன்னபடியே உருக வச்சுட்டாரு. நாலு மணிக்கு அவரு படியேறினதும் கேட்பேன். பதிலைக் கேட்டுட்டுத்தான் தட்டு மாத்துறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

"நான் விசாரிக்கட்டுமா?"

"இந்த வீட்டுக்குள்ள போலீசு வந்ததே கிடையாது."

"பத்து வருசமா உங்க வீட்டுக்குள்ளதானே மாமா இருக்கேன்."

குற்றாலலிங்கம் அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்பது கண்மையில் தெரிந்தது.

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சிருவியளா மதினி?"

"நீ போய்க் கண்ணைத் துடை. மை கன்னத்துக்கு வந்துட்டு."

பிரேமலதா பெட்டியைத் திறந்து, மாமனாரின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். படகின் மேல் ஆரஞ்சு வண்ணம் அப்படியே இருந்தது, பாலாடை போலச் சுருங்கி. விரலால் அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் களியாக அமுங்கியது. கீழே இருந்த பட்டில் ஒரு சொட்டுக் கறை இல்லை. பாகங்களை நறுக்கிய பிறகு மிஞ்சிய சட்டங்கள் ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி கிடந்தன. ஒன்றை எடுத்து வளைத்தாள். டப்பென்று முறிந்தது. சிவசண்முகம் தந்த தின்னர் டப்பாவைத் தேடிப் பார்த்தாள். முத்திரை உடையவில்லை.

"அவரு பட்டறையில வேற டப்பாவா இல்ல?" என்றார் குற்றாலலிங்கம்.

அவள் படகைச் சற்றே தூக்கி, அடியிலிருந்த பட்டைத் தொடப்போனாள்.

"அதைத் தொடாதே."

அந்தப் பட்டு, கோவிலில் குற்றாலலிங்கத்தின் தாத்தாவுக்குக் கட்டிய பரிவட்டம். அரக்குச் சிவப்பு. படகுக்குக் கீழே நீலத் துணி விரிப்பதுதான் பொருத்தம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். நீலக் கடலில் எந்தப் படகும் போகும், நம் வீட்டுப் படகு நம் மரியாதையின் மேல்தான் நிற்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். பெட்டகத்திலிருந்து அதை எடுத்ததும் அவர்தான், மடிப்புக் கலையாமல் வைத்ததும் அவர்தான். வீட்டில் மூத்த ஆண் தவிர வேறு கை அதில் படக்கூடாது. கோவில் வாசலில் அல்லாமல் மடிப்பைப் பிரிக்கவும் கூடாது. மூன்று தலைமுறையாக அந்த முறை தவறியதில்லை.

பிரேமலதா கையை எடுத்துக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணி. கூடத்துக்கு அடுத்த அறையில் நிச்சயதார்த்தத்துக்காகப் பெட்டகத்துப் பட்டுச் சேலைகள் எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பப்பட்டிருந்தன. வீடு முழுவதும் அந்தப் பழைய சேலை வாசனை. மாமியார் சிதம்பரவடிவு நடுவில் உட்கார்ந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். பிரேமலதா அருகில் அமர்ந்து, சிவசண்முகம் தனியாக இருந்த அன்று எவ்வளவு நேரம் இருந்தார் என்று விசாரித்தாள். காபி ஆறும் முன் போய்விட்டார் என்று பதில் வந்தது. போகும்போது வெறுங்கையா? வெறுங்கை. சட்டையில் கறை? இருந்தது, ஆனால் அவர் சட்டையில் என்றைக்குத்தான் கறை இல்லை.

"அது கிடக்கட்டும். இந்த வளையல் பெட்டியைத் திறந்து குடு. சேலையோட பெட்டகத்துல இருந்தது. மூடி அப்படியே ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது."

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. பிரேமலதா மூடியைத் திருகினாள். அசையவில்லை. விளிம்பைத் தடவினாள். பிசுபிசுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

அதை மடியில் வைத்துவிட்டு, அருகில் கிடந்த சேலை ஒன்றையும் எடுத்து முகர்ந்தாள்.

"அத்தை, பெட்டகத்துப் பட்டுக்கு என்ன பண்ணுவிய?"

சிதம்பரவடிவு சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. நாலு மணி என்று சொன்னவர்கள், நல்ல நேரம் தவறக்கூடாது என்று மூன்றரைக்கே வந்துவிட்டார்கள்.

பிரேமலதா கூடத்துக்கு ஓடி வருவதற்குள் குற்றாலலிங்கம் தன் கேள்வியைக் கேட்டுவிட்டிருந்தார். உறவினர்கள் வாசலில் பன்னீர் தெளிப்பதில் முனைந்திருந்ததால், வந்தவர்களில் அது காதில் விழுந்தது சிவசண்முகத்துக்கும் தாணுமாலையனுக்கும் மட்டுமே. துணி விலகியிருந்தது. சிவசண்முகத்தின் முகத்தில் சிரிப்பு அணைந்திருந்தது.

"வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சுத் திருடன்னு சொல்லுதியளா அண்ணாச்சி?"

"திருடன்னு சொல்லல. செஞ்சியளா இல்லையான்னு கேட்டேன்."

"உங்க பொம்மைய உருக்கித்தான் நான் பெரிய ஆளாகணுமா, வே? தாணு, எந்திரிலே. போவோம்."

தாணுமாலையன் எழுந்து நின்றான். கதவோரம் கலைச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிரேமலதா வாசல் கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் இருவரும் சற்றுப் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். குரல் காவல் நிலையத்துக் குரல். இருவரும் பொறுத்தார்கள்.

"தின்னர் ஊத்தியிருந்தா முதல்ல வண்ணம் கரைஞ்சு ஓடியிருக்கும். பட்டுல கறை இருக்கும். இங்க வண்ணம் ஆடையா நிக்குது, பட்டு சுத்தமா இருக்குது. அதனால தின்னர் இல்ல. வெயிலும் இல்ல. வெயில்னா ஆக மெல்லிசான அந்த ரேடார் கம்பம்தான் முதல்ல சாயும், ஜன்னல்ல கிடந்த சட்டமும் வளைஞ்சிருக்கும். இது கீழே இருந்து மேல ஏறின சேதம். வெளியில இருந்து யாரும் வரல. உருக்கினது ஆரம்பத்துல இருந்தே பெட்டிக்குள்ளதான் இருந்துது."

"பெட்டிக்குள்ள படகும் பட்டும்தானே இருந்துது" என்றார் குற்றாலலிங்கம்.

"பட்டுக்குள்ள என்ன இருந்துது மாமா?"

அவர் புரியாமல் பார்த்தார். பிரேமலதா வளையல் பெட்டியை மேசை மேல் வைத்தாள். பெட்டகத்தில் சேலைகளோடு கிடந்த பெட்டி. அதன் மூடியும் இளகி ஒட்டியிருந்தது. அங்கே எந்தச் சம்பந்தியும் வரவில்லை.

"பூச்சி அரிக்காம இருக்க, அத்தை பாச்சை உருண்டைய மல்லுத் துணியில முடிஞ்சு, உருண்டு ஓடாதபடி ஒவ்வொரு பட்டோட நடு மடிப்புலயும் தச்சு வச்சிருக்காவ. அந்த உருண்டையோட ஆவி பட்டை ஒண்ணும் செய்யாது, இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை இளக்கிப் போடும். திறந்த இடம்னா காத்துல போயிருக்கும். நீங்க ஓரமெல்லாம் ரப்பர் வச்சு அடைச்சுட்டிய. வாடை காட்டிக் குடுத்திருக்கும். ஆனா உங்க மூக்கு ஓஞ்சு போச்சு, எங்க மூக்குக்கு இன்னைக்கு வீடே அந்த வாடைதான்."

குற்றாலலிங்கம் மனைவியைப் பார்த்தார்.

"பரிவட்டத்துலயுமா?"

"அதுலயுந்தான். பிரிக்கக் கூடாதுன்னிய. பிரிக்காம ஓரமா விரலை விட்டுத் தச்சேன். அதைப் படகுக்குக் கீழே வைக்கப் போறியன்னு என்கிட்ட யாரு சொன்னா?"

பிரேமலதா மாமனார் பக்கம் திரும்பினாள்.

"செஞ்சது யாருன்னு சொல்லட்டுமா மாமா, இல்ல இத்தோட விட்டுருவோமா?"

"சொல்லு. பாதியில நிறுத்துற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது."

"அப்போ, நீங்கதான்."

குற்றாலலிங்கம் பெட்டியருகே போனார். படகைத் தன் கையாலேயே விலக்கினார். மூன்று தலைமுறையாகக் கோவில் வாசலில் மட்டும் பிரிந்த மடிப்பை, எல்லோரும் பார்க்கப் பிரித்தார். நடு மடிப்பில் ஒரு சின்ன மல்லுத்துணி முடிச்சு. அதற்குள் மிளகு அளவுக்குக் கரைந்து, வெள்ளையாக ஏதோ மிஞ்சியிருந்தது.

அவர் நிமிர்ந்தார். குற்றம் தன்னுடையது என்பதற்காக முதுகு வளையவில்லை. சிவசண்முகத்தின் எதிரே வந்து நின்று கைகூப்பினார்.

"தப்பு என்னுது அண்ணாச்சி. உங்களைக் கேட்டிருக்கப்படாது. மன்னிக்கணும்."

சிவசண்முகம் அந்த முடிச்சைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மீசை துடித்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மன்னிக்கிறதுக்கு ஒரு நிபந்தனை. மவன்கிட்டச் சொல்லி இன்னொரு படகு வரவழையும். இந்தத் தடவை வண்ணம் நான்தான் அடிப்பேன்."

குற்றாலலிங்கம் யோசித்தார்.

"அடிப்பாகம் மட்டும்."

"மேல்தளமும் வேணும்."

"மேல்தளத்துல பாதி. கம்பிவேலியில கை வைக்கப்படாது."

"கம்பிவேலி இல்லாம நான் என்னத்தை வே அடிக்க?"

பேரம் சூடு பிடித்தது. சுக்கான் பிடிக்கும் கூண்டு யாருக்கு, நங்கூரம் யாருக்கு என்று வந்தபோது கலைச்செல்வி கதவோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, தட்டை மாத்திட்டு அதைப் பேசுங்க. அவரை எந்திரிக்கச் சொன்னாவ. உக்காரச் சொல்ல ஒருத்தரும் இல்ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போவதா இருப்பதா என்று தெரியாமல் மாப்பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

குற்றாலலிங்கம் தானே ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.