மறுபாதி சொல்ல வந்தவள்

“தனியா இருந்து ஜெபமாலை சொல்லும்போ, மறுபாதிய ஆரு சொல்லணும்ட்டி?”

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதியன்குளங்கரை டெலிபோன் பூத்தில் நின்ற அபினாவிடம் அக்கா ஷிஜா கேட்டாள். ஷிஜா ருஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை, சொல்லிவைத்த நேரத்துக்கு பூத்துக்குக் கூப்பிடுவாள்.

“ரெண்டு பாதியும் நீதான் சொல்லணும். இதென்ன கேள்வி?”

“நான் சொல்லாம விட்டா?”

“விட்டா என்ன, பாதி ஜெபத்துக்கு மாதா பாதி காதத்தான் குடுப்பா.”

ஷிஜா சிரிக்கவில்லை. லைன் அறுந்துபோயிற்று.

வீட்டில் இருந்தவரை, ஒவ்வொரு மணிக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தின் முன்பாதியை ஷிஜாதான் சொல்வாள், மறுபாதி அபினாவுக்கு. அண்டியாபீசில் பகலெல்லாம் முந்திரிக்கொட்டை தல்லி உடைத்துவிட்டு வரும் அம்மா அல்போன்சம்மா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைப்பாள். அந்த இருவர் முன்னால் மட்டும் அபினாவுக்குக் குரல் வரும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் பெண் அவள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். ஒருநாளில் அவள் சத்தமாகப் பேசுவது பெரும்பாலும் அந்த மறுபாதிதான்.

ஜனவரியில், ஷிஜாவோடு அங்கே படிக்கும் குன்னத்துகால் ராபின்சன் லீவுக்கு வந்தபோது ஷிஜா கொடுத்தனுப்பிய கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மா வேலைக்குப் போனபின் அபினா அதைப் போட்டாள். முதலில் வெந்நீர்க்குழாய் ஒன்று வயிறு வலித்தவன்போல முனகும் ஒலி, பிறகு ஜன்னல் கண்ணாடியைக் காற்று அறைந்துவிட்டு விலகி மறுபடி அறையும் ஒலி, அதற்கெல்லாம் அடியில் ஷிஜாவின் களைத்த குரல்.

“ஹாஸ்டல் ரூம்ல நாலு கட்டில்ல மூணும் காலி, அபி. கூட உள்ள மூணுபேரும் லீவுக்குப் போயாச்சு. பழக்கத்துல முன்பாதி சொல்லிட்டு ஒனக்காவ நிறுத்திட்டேன். ரெண்டு நாளு ஒண்ணும் இல்ல. இப்ப கேளு.”

ஷிஜா முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

ஆளில்லாத கட்டில் ஒன்றின் கம்பிகள், யாரோ மெல்ல உட்கார்வதுபோல கிரீச்சிட்டன. பிறகு மறுபாதி வந்தது. ‘பாவிகளாயிருக்கிற’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு சின்ன மூச்சு. அந்த இடத்தில் அப்படி மூச்சு வாங்குவது அபினா மட்டும்தான்.

அது அவளுடைய குரல்.

அன்று அந்தியில் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அம்மா சோற்றுத் தட்டுக்கு முன்னால், பிசைந்த கை பிசைந்தபடி, உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். அபினா கேசட்டை அரிசிப்பானைக்குள் புதைத்தாள்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஷிஜா வந்து நின்றாள். ஒரே ஒரு பை. அதைக் கதவருகே வைத்தாள், திறக்கவில்லை.

“எனக்க மோளே, என்ன இப்பிடி வத்திப்போன? அங்க கஞ்சி கிட்டாதா?” என்றாள் அம்மா.

“படிப்பாக்கும் அம்மா.”

கிணற்றடியில் ஷிஜா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் பனிக்கட்டிபோல இருந்தன.

“இண்ணு நான் முன்பாதி சொன்ன ஒடனே நீ முந்தணும் மக்கா. ஒனக்க சத்தம் முந்தி வரணும். எனக்க பொறத்தால அந்தச் சத்தமும் வந்திருக்கு. நீ முந்துனா அதுக்கு இஞ்ச எடமில்ல.”

“முந்தலேண்ணா?”

ஷிஜா வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

ஏழு மணிக்குக் கரண்டு போயிற்று. மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கும் அம்மாவின் விரலிலிருந்து போகாத அண்டித்தோட்டின் காந்தலுக்கும் நடுவே மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சுவரில் மூன்று நிழல்கள். அபினா எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான்.

ஷிஜா முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

அபினா வாயைத் திறந்தாள். வகுப்பறை. பெஞ்சு. சிரிப்பு. மூச்சை இழுத்துப் பார்த்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

கதவுப் பக்கமிருந்து மறுபாதி வந்தது.

பிசிறில்லாமல். நிதானமாக. அதே சின்ன மூச்சோடு.

ஷிஜா அவளைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். மறுபடி நிறுத்தினாள். அபினா தன் கழுத்தைத் தானே பிடித்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபாதி வந்தது. இப்போது பாயின் ஓரத்திலிருந்து. மூன்றாவது தடவை, காதருகில். குளிர்ந்த மூச்சு கன்னத்தில் பட்டது.

பத்து மணிகள். பத்துத் தடவை.

அம்மா கண்ணைத் திறக்காமலே முகம் மலர்ந்தாள்.

“இண்ணைக்குத்தான் அபி நல்லா தெளிவா சொல்லுதா.”

அபினா தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. மூடிய கண்ணுக்கு யார் காட்டுவது?

ஷிஜா ஜெபமாலையைப் பாயில் வைத்தாள். முன்பாதி சொல்ல ஆளில்லை. ஆனாலும் மறுபாதி நிற்கவில்லை. ஷிஜா எழுந்து, திறக்காத பையை எடுத்தாள். தங்கைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்ததும், உட்கார்ந்திருப்பவர் மேல் கால் படாமலிருக்கப் பாவாடையை ஒதுக்கிச் சற்று வளைந்து நடந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். மறுபாதி அவள் பின்னால் போகவில்லை, அபினாவின் காதருகிலேயே ஒலித்தது.