ஹோபர்ட்டின் தண்ணீர்

குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. ஆனால் மோட்டார் ஓடியது.

பாலைவனத்தில் கேரவனில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அடித்தொட்டியிலிருந்து தண்ணீரை ஏற்றும் சின்ன மோட்டார் உறும ஆரம்பிக்கும், குழாயை மூடினால் நின்றுவிடும். மார்லிஸ் அப்போது ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சோபாவில் காலை நீட்டியிருந்தாள். ஜன்னல்களில் ஒட்டியிருந்த வெள்ளித்தாளையும் மீறி ஓரங்களில் வெயில் கசிந்துகொண்டிருந்தது, வண்டிக்குள் சூடான பிளாஸ்டிக்கும் காய்ந்த மண்ணும் மணத்தன. அவள் புருஷன் டெல்மர் எதிரே மேஜையில் தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. யாரோ ஒருவர் நின்று நிதானமாக ஒரு டம்ளர் குடித்து முடிக்கும் நேரம் மோட்டார் ஓடியது. பிறகு நின்றது.

"குழாயைச் சரியா மூடினியா?" என்றார் டெல்மர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் எங்க திறந்தேன்? காலையிலேர்ந்து இந்த சோபாவை விட்டு எழுந்திருக்கல."

"அதான் தெரியுதே மகாராணி."

எழுந்துபோய் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தார். சமையல் மேடை, கழிப்பறை, குளியல், கடைசியாக வெளிப்பக்கம் கால் கழுவ வைத்திருக்கும் குழாய். அதன் மூடி கூடப் பூட்டியபடியே இருந்தது. வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, சுவரில் இருந்த அளவுகாட்டியை அமுக்கிவிட்டு அங்கேயே நின்றார்.

"நேத்து சாயங்காலம்தானே பெட்ரோல் பங்க்ல முழுசா நிரப்பினோம்? முக்காலுக்குக் கீழ காட்டுது."

"பாத்திரம் கழுவினோமே."

"கழுவினா அது சாக்கடைத் தொட்டிக்கில்ல போயிருக்கணும்? அது காலியாவே இருக்கு." தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு சிரித்தார். "குடிச்ச தண்ணிதான் சாக்கடைக்கு வராது. ஒட்டகம் மாதிரி திருட்டுத்தனமா குடிக்கிறியா என்ன?"

மார்லிஸும் சிரித்து வைத்தாள்.

டெல்மர் சாதாரண ஆள் இல்லை. பனிக்காலம் முழுவதும் அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊர்ப் பக்கம் கூடாரமடிக்கும் கூட்டத்தில் அவருக்குப் பேராசிரியர் என்று பெயர். நெருப்பைச் சுற்றி நாற்காலிகள் போட்டதும் ஆரம்பித்துவிடுவார். ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்தை வடக்கே பார்த்து நிறுத்து, இல்லாவிட்டால் வெயிலில் அது செத்துப்போகும். சுடுதண்ணீர் வரும்வரை ஓடுகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடி. தட்டை முதலில் காகிதத்தால் துடை, அப்புறம் தண்ணீர் பீச்சும் குப்பியால் அடி. காற்று எழுவதற்கு முன்னால் பந்தலைச் சுருட்டு. செருப்பை உதறாமல் காலை நுழைக்காதே. கேட்பவர்கள் கேலி செய்தபடியே கேட்டார்கள், கேட்டபடியே செய்தார்கள். ஆனால் பட்டணத்துக்குப் போகிறவர் பக்கத்து வண்டிக்காரரின் காலித் தண்ணீர்க் கேன்களை வாங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் பேராசிரியர் சொல்லி வந்ததில்லை. அது அந்த மணலின் வழக்கம். அதைச் செய்யாதவரை யாரும் தங்கள் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

கோடை வெயில் ஏறத் தொடங்கியதும் கூட்டம் கலைந்துவிட்டது. கடைசியாக எஞ்சியது இவர்களும், கொஞ்சம் தள்ளி ஒரு பழைய டிரெய்லரில் ஹோபர்ட்டும்தான். ஹோபர்ட்டுக்கு எண்பதுக்கு மேல். இடுப்பெலும்பு தேய்ந்து, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நடப்பார். டிரெய்லரை இழுக்கும் அவருடைய வண்டி படுத்துவிட்டது, அதற்கு ஒரு பாகம் வர வேண்டியிருந்தது. அங்கே போனுக்கு சிக்னலும் கிடையாது. பட்டணத்துக்குக் கிளம்புமுன் மார்லிஸ் கேன்களை வாங்கப் போனபோது அவர் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார். அதில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது.

"இது இருக்கட்டும் தங்கச்சி. ஒருவேளை நீங்க வர லேட்டாச்சுன்னா?"

"அட என்ன அண்ணே, நாளைக்கு மத்தியானம் வந்து நிக்கப்போறோம். இதையும் குடுங்க, எல்லாத்தையும் ஒரே தடவையா நிரப்பிட்டு வந்துடறோம்."

அவர் கொடுத்தார். மிச்சத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துக்கொண்டார். அதைக் கையில் பிடித்தபடி அவர் நின்றது மார்லிஸின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

பட்டணத்தில் மின்சார வசதியுள்ள இடம் கிடைத்தது. ஏசி ஓடியது. நீச்சல்குளம் இருந்தது, பழைய சிநேகிதர்கள் சீட்டாட வந்தார்கள். ஒரு இரவு இரண்டானது. மறுபடி அந்தக் கரடுமுரடான மண்பாதையில் போனால் அலமாரிக் கதவெல்லாம் கழன்று விழும், எப்படியும் வடக்கேதானே போகப்போகிறோம் என்றார் டெல்மர். தண்ணீர்க் கடை ஒடெல்லாவிடம் சொல்லிவிடு, அவள் ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள் என்றார். மார்லிஸ் போன் செய்தாள். ஒடெல்லா வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் செய்யலாம் என்று வைத்தாள். துணி துவைக்கப் போனாள், மறந்தே போனாள். நெடுஞ்சாலையில் வண்டி ஏறியபிறகு டெல்மர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள்.

எதற்காக அப்படிச் சொன்னாள்? திட்டு வாங்கப் பயந்து. அவ்வளவுதான். அடுத்து சிக்னல் கிடைக்கும் இடத்தில் போன் செய்துவிடலாம் என்றுதான் சொன்னாள். அந்த இடமும் வந்தது. ஆனால் இப்போது பேசினால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மறுநாள் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருந்தது. அதற்கடுத்த நாள் போனைப் பார்த்தாலே கூசியது. யாராவது அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு நெவாடா வரை வந்துவிட்டாள். காலிக் கேன்கள் வண்டியின் அடி அறையில் கிடந்தன. ஒவ்வொரு குலுக்கலிலும் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது அவளுக்கு மட்டும் கேட்டது.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டெல்மர் பின்னறைக் கட்டிலில் போய்ப் படுத்தார். கதவை ஒருக்களித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. வெளியே காற்றே இல்லை. மோட்டார் மறுபடி ஓடியது, முன்னைவிட நீளமாக. அது ஓடும்போது நெஞ்சை அமுக்கிக்கொண்டு கேட்டால், உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம். தொண்டை ஏறி இறங்கும் சத்தம். அவசரமாக, மூச்சு வாங்கவும் நிறுத்தாமல் குடிக்கிற சத்தம்.

அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது.

மார்லிஸ் செருப்பை உதறாமலே மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். வெயில் முகத்தில் அறைந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கால் கழுவும் குழாயின் மூடி திறந்து தொங்கியது. கீழே மணல் காய்ந்து கிடந்தது, ஒரு துளி சிந்தியிருக்கவில்லை. குழாய்க்கு நேர் கீழே மணலில் இரண்டு குழிகள், வட்டமாக, ஆழமாக. அவற்றுக்கு முன்னால் விரித்த கைகள் இரண்டு பதிந்திருந்தன. யாரோ முழங்காலிட்டு, கையூன்றி, வாயை நேராகக் குழாயில் வைத்திருக்கிறார்கள்.

குழாயின் வாய் ஈரமாக இருந்தது. அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, வெங்காயச் சருகு அளவுக்கு. உதட்டுத் தோல்.

அவள் கத்தவில்லை. உள்ளே ஓடி வந்து கதவைத் தாழிட்டாள். அளவுகாட்டியை அமுக்கினாள். பாதி. அமுக்கிய விரலை எடுப்பதற்குள் பாதி அளவு விளக்கு அணைந்து கால் அளவு விளக்கு மட்டும் எரிந்தது.

டெல்மரை எழுப்பலாம். எழுப்பினால் சொல்ல வேண்டும். அவள் போனைத்தான் எடுத்தாள். ஒரே ஒரு கோடு சிக்னல்.

"ஒடெல்லாவா? மார்லிஸ் பேசறேன்."

"அட, பேராசிரியர் வீட்டம்மாவா! எங்க இருக்கீங்க?"

"ஹோபர்ட் எப்படி இருக்காரு?"

"ஹோபர்ட்டா? அவரு உங்க கூடத்தானே வந்தாரு? ஒங்க வண்டி திரும்பவே காணோமா, சரி, கிழவரையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "இல்ல. அவரு அங்கயேதான் இருக்காரு. தண்ணி இல்லாம. நான் உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்." பிறகு குரல் உடைந்தது. "மறக்கல ஒடெல்லா. சொல்லாம விட்டுட்டேன். கேன் அத்தனையும் எங்ககிட்ட இருக்கு."

"அடிப்பாவி," என்றாள் ஒடெல்லா மெதுவாக. "இந்த வெயில்லயா?" ஜீப் சாவியின் சத்தம். போன் அறுந்தது.

மார்லிஸ் ஓட்டுநர் இருக்கையில் சுருண்டு உட்கார்ந்தாள். இதை அன்றைக்கே செய்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அழுகை வந்தது, ஆனால் கண்ணீர் வரவில்லை. மோட்டார் இப்போது நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது. குரல் மாறி, வறண்டு, உலோகம் உலோகத்தில் உரசும் சத்தமானது. தொட்டி தீர்ந்துவிட்டது. வெறும் காற்றை இழுக்கிறது.

அதுவும் நின்றது.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளித்தாள் ஓரங்களில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகிக் கொண்டிருந்தது. வெளிச்சுவரில் உள்ளங்கை ஒன்று தடவிக்கொண்டே போவது கேட்டது. முன்பக்கமாக இல்லை. பின்பக்கமாக. அது பின்னறை வரை போனது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

போன் அடித்தது.

"அங்க போய்ப் பாத்துட்டு, சிக்னல் கெடைக்கிற தார் ரோட்டுக்கு வந்துட்டேன்." ஒடெல்லாவின் குரல் கம்மியிருந்தது. "டிரெய்லர் கதவு தொறந்து கெடக்கு. ஆள் இல்ல. மேசை மேல பாத்திரம் காஞ்சு கெடக்கு. பேட்டரித் தண்ணியக் கூட குடிச்சிருக்காரு போல. கோல் அங்கயே கெடக்கு மார்லிஸ். தவழ்ந்து போயிருக்காரு. தடம் தெரியுது, முட்டியும் கையுமா. ஒங்க டயர் போன தடத்துமேலயே போகுது."

"எவ்வளவு தூரம்?"

"தார் ரோடு வரைக்கும் தடத்தோடயே வந்தேன். அதுக்கு அந்தப் பக்கமும் போகுது. வடக்கே. ஒடம்புதான் எங்கயும் இல்ல."

போன் அவள் மடியில் நழுவியது. ஒடெல்லா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. குறட்டைச் சத்தம் இல்லை.

"டெல்?"

பின்னறைப் பக்கம் நடந்தாள். கழிப்பறையைத் தாண்டினாள். ஒருக்களித்த கதவு. உள்ளிருந்து அதே சத்தம். தொண்டை ஏறி இறங்கும் சத்தம். இப்போது நிதானமாக.

கதவைத் தள்ளினாள்.

டெல்மர் படுத்த வாக்கிலேயே இருந்தார். சட்டைக்குள் உடம்பு இல்லாததுபோல் சட்டை தட்டையாகக் கிடந்தது. கன்னம் ஒட்டி, உதடு பின்னுக்கு இழுபட்டு, பல் அத்தனையும் தெரிந்தது. தோல் எலும்போடு ஒட்டிக் கறுத்திருந்தது. திறந்த கண்களில் ஈரமே இல்லை. தூசி படிந்த கண்ணாடிபோல் மங்கியிருந்தன. அந்தக் கண்கள் மெதுவாக, மிக மெதுவாக, அவள் பக்கம் திரும்பின.

கட்டிலோரம் கம்பளத்தில் இரண்டு குழிகள். யாரும் இல்லை. குழிகள் மட்டும்.

சத்தம் நின்றது.

கம்பளத்தில் இன்னொரு குழி விழுந்தது. அவள் பக்கமாக. அப்புறம் ஒன்று.

ஓடலாம். கதவு பின்னால்தான் இருக்கிறது. மார்லிஸ் ஓடவில்லை. எங்கே ஓடி, யாரிடம் என்ன சொல்வது? அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே," என்றாள். "அவருக்குத் தெரியாது. அவர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன்."

அறையில் பேட்டரித் திராவக வாடை. சூடான மூச்சு அவள் கையில் பட்டது. காய்ந்து வெடித்த உதடுகள் இருட்டில் தடவித் தடவி அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன.