குன்றின் மேல் ஒரு தண்ணீர்த் திருட்டு

காலை பதினொன்றரை. கேன் காலி.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். மூடியைத் திருகித் திறந்து, ஒற்றைக் கண்ணை வைத்துக்கூடப் பார்த்தார். ஐந்து லிட்டரில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அடுத்த குழாய் குன்றின் அடிவாரத்தில்தான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கேனுக்குப் பக்கத்தில் மரத்தில் சாய்ந்து, மடியில் தம்ளரோடு, ஓவிய வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆதிமனிதன் பாறையில் வரைந்த ஓவியங்களைப் பார்க்கலாம் என்று சங்கத்தையே கிளப்பிக்கொண்டு வந்தவர் அவர்தான். கடைசிப் படிகளில் முழங்கால் காலை வாரிவிட்டது. தண்ணீருக்குக் காவல் என்று உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். கண்விழித்தால் சங்கமே சுற்றி நிற்கிறது!

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மாமியார். "கல்யாணம் பேச வந்த அன்னைக்கே மூணு டம்ளர் தண்ணி குடிச்சாரு."

"அத்தை, அது பயத்துல குடிச்சது."

"குடிச்சவர்தான் இறங்கிப் போய் கொண்டுவரணும்," என்று செயலாளர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "பாவம் சார் நீங்க, மானைப் பாக்கவும் கொடுத்து வைக்கல. செவசெவன்னு, நேத்து வரைஞ்ச மாதிரி!"

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்த முழங்காலோடு இறங்கினால் திரும்ப ஏற முடியாது. அதைவிட, 'தண்ணித் திருடன்' என்ற பெயரோடு அந்தக் குடியிருப்பில் இனி எப்படி லிஃப்டில் ஏறுவது? மனைவியைப் பார்த்தார். அவள் போலீஸ் இன்ஸ்பெக்டர். லீவில்தான் வந்திருந்தாள், ஆனால் அவள் பார்வைக்கு லீவு கிடையாது. அது இப்போது அவர் மேலேயே நின்றது.

"எப்ப தூங்குனீங்க?"

"தேனீ இருக்கான்னு பாத்துட்டு வரேன்னு கைடு சொன்னாரே, நீங்கெல்லாம் போட்டோ எடுக்க அந்த விளிம்புக்குப் போனீங்களே, அப்பவே."

"கேன்?"

"நெறஞ்சு இருந்துச்சு."

"அப்புறம் எந்திரிச்சீங்களா?"

"இல்ல."

"ஒதுங்கக்கூட?"

"என்ன கேள்வி இது, எல்லார் முன்னாடியும்?"

"பதில் சொல்லுங்க."

"இல்லம்மா!"

மடியிலும் காலிலும் விழுந்து கிடந்த சருகுகளைத் தட்டப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இவர் குடிக்கல," என்றாள். "அரை டம்ளர் குடிச்சாலே பாத்ரூமைத் தேடுற ஆளு. சினிமாவுக்குப் போனா ஓரத்து சீட்டுதான் கேப்பாரு. அஞ்சு லிட்டர் உள்ள போயிருந்தா, இந்தச் சருகு இப்படி அசையாமக் கிடக்குமா?"

சங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மானம் பிழைத்ததா, கப்பலேறியதா என்று வாத்தியாருக்கே விளங்கவில்லை.

"குரங்கு வேலையா இருக்கும் மேடம்," என்றார் வழிகாட்டி. "மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. சுனையெல்லாம் வத்திக் கிடக்குது, பாவம் அதுங்க என்ன செய்யும்?"

"மூடியைத் திருகி மூடிட்டுப் போற குரங்கா?"

வழிகாட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இன்ஸ்பெக்டர் கேனைச் சுற்றித் தரையைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் புழுதி. பிறகு குனிந்து தன் அம்மாவின் புது வெள்ளை ஷூவைப் பார்த்தாள்.

"இந்தச் சேறு எங்க ஒட்டுச்சும்மா?"

"மேலதான். மான் படத்துக்குக் கீழ நசநசன்னு இருந்துச்சு. புது ஷூ, பாழாப் போச்சு."

"எல்லாரும் மேல வாங்க. நீங்களும்தான்," என்று கணவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் வாத்தியார் ஒரு "அம்மா!" போட்டார். ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

பாறை வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. செயலாளர் வலமிருந்து இடம் தேடினார். "மான் எங்க? இங்கதானே நின்னுச்சு?"

"காஞ்சு போச்சு," என்றாள் இன்ஸ்பெக்டர். "உங்க தண்ணி அந்த மான் மேலதான் போச்சு. ஈரம் பட்டா மங்கின சாயம் பளிச்சுனு தெரியும், காஞ்சா மறுபடி மங்கிடும். மழையே இல்லாத குன்றுல பாறையடியில சேறு. நமக்கு முன்னாடி தனியா மேல வந்தது ஒரே ஒருத்தர். தேனீ பாக்க வந்தாராம். இங்க தேன்கூடு எங்க இருக்குன்னு நம்ம யாராவது கேட்டோமா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூடு இருந்த தடம்கூட இல்லை.

வழிகாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டார். "என்ன செய்யட்டும் மேடம்? ஏறி வர்றவங்க எல்லாரும் 'இவ்வளவுதானா?'ன்னு மூஞ்சியச் சுளிக்கிறாங்க. இன்னைக்குக் கேட்டுலயே இந்த சார், ஒண்ணும் தெரியலேன்னா ஆபீஸ்ல புகார் கொடுப்பேன்னு மிரட்டினாரு. என் தண்ணி பத்தல, அதான்..."

செயலாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அன்று முழுக்கப் பூனையாக இருந்த வாத்தியார் அப்போது சீறினார். "ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் சாயம் கொஞ்சம் கொஞ்சமா கரையுதுய்யா! இத்தனை காலம் தாக்குப்பிடிச்ச மானை ரெண்டு சீசன்ல கழுவி விட்டுடுவியா? வயிறு எரியுது எனக்கு!"

"ஆபீஸ்ல இதை நீங்களே சொல்லிடணும். நானும் கூட வரேன்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்னாடி கீழ போய் கேனை நெறச்சுட்டு வாங்க." வழிகாட்டி மறுபேச்சில்லாமல் இறங்கினார். செயலாளரும் கூடவே இறங்கினார், யாரும் சொல்லாமலே.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். "நெஜமாவே நான்தான்னு நெனச்சியா?"

"ரெண்டு நிமிஷம் நெனச்சேன்," என்றாள். "தப்புதான். மன்னிச்சிருங்க."

மாமியார் கைப்பையைக் குடைந்தார். வெளியே வந்தது ஒரு சிறிய பாட்டில், கழுத்து வரை தண்ணீர்! கூட்டம் வாயைப் பிளந்தது.

"மாத்திரைக்குன்னு ஒளிச்சு வச்சேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "மாப்பிள்ளை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முதல்ல நீங்க குடிங்க."

வாத்தியார் பாட்டிலை வாங்கினார். தாகத்தில் நாக்கு வெளியே தள்ள, சங்கம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் அண்ணாந்தார், மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, காலி பாட்டிலை மாமியார் கையில் கொடுத்தார்.

"இதைக் குடிச்சது நான்தான்," என்றார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க."